கம்பைலர் முதலில் சொன்னது அவளிடம்

நான் வேலை பார்த்த கம்பெனியின் ஆட்கள், இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாகச் சேர்ந்து, ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அதில் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உலகமெங்கும் ஓடுகிற பெரிய கெர்னல் ஒன்றுக்குள் ரஸ்ட் மொழியையும் அனுமதித்துவிட்டார்களே, இனிமேல் சி மொழியில் கெர்னல் எழுத ஆள் தேவைப்படுமா என்று. கேள்வியை, இப்போது அங்கே கெர்னல் வேலை பார்க்கிற ஜமிலாவின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார். நானும் அதே குழுவில்தான் இருக்கிறேன். அந்தக் கம்பெனியின் கெர்னலை முதல் வரியிலிருந்து சி மொழியில் எழுதியவன் நான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர், "சேவியர் அங்கிளையும் கேக்கலாம்லா, அவரு அந்தக் காலத்து ஆளு" என்று சிரிப்புப் படம் ஒன்றைச் சேர்த்துப் போட்டிருந்தார்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி ரீத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் ஜமிலாவா?" என்றாள்.

ஆமாம், திரும்பவும் ஜமிலாதான். என்னிடம் கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது. வாட்ஸ்அப்பில் அடங்காது.

கெர்னல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கணினியில், அது மேசைமேல் இருக்கிற கணினியானாலும் ஆலைச் சுவரில் மாட்டியிருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியானாலும், பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். எந்த வேலைக்கு எப்போது முறை, எந்த நினைவகம் யாருக்கு என்று பங்கு வைக்கிற நிரல்தான் கெர்னல். அதற்குக் கீழே வேறு நிரல் கிடையாது. இரும்பும், சிப் என்கிற சில்லும்தான். மேலே இருக்கிற நிரல் தப்பு செய்தால் கெர்னல் பிடிக்கும். கெர்னல் தப்பு செய்தால் பிடிக்க யாருமில்லை.

நான் கோப்பெங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவன். ஈப்போவில் படித்தேன், கொஞ்ச காலம் டிவி பழுது பார்த்தேன், பிறகு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. முதல் சில வருடங்கள் எல்லாவற்றையும் அசெம்பிளியில் எழுதினோம். சில்லின் ஒவ்வொரு அசைவையும் நாமே சொல்ல வேண்டும். பிறகு நினைவகம் பெரிதானது, சி மொழிக்கு மாறினோம். மின்சாரம் வந்தவுடன் ஓடுகிற முதல் சில வரிகளையும், ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றை எழுப்புகிற இடத்தையும் மட்டும் அசெம்பிளியில் விட்டுவைத்தோம். மற்றதெல்லாம் சி. எல்லாம் என் கை.

சி மொழி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது நம்மை நம்பும். இந்த முகவரியில் இதை எழுது என்றால் எழுதும். அது யாருடைய முகவரி என்று கேட்காது. அந்த நம்பிக்கையை நான் எனக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

யாருடையது என்று கேட்கிற வேலையை எங்கள் மேலாளர் லியோங் செய்தார். ஈப்போச் சீனர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்த நிரலையும் அவர் திரையில் படிக்கமாட்டார். அச்சடித்துக் கொண்டுவரச் சொல்வார். எழுதியவன் அவர் மேசைக்கு எதிரே நின்று வரி வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் பென்சிலால் கூடவே வருவார். நினைவகத்தில் ஒரு துண்டை எடுக்கிற வரி வந்தால் பென்சில் நிற்கும். "இனி சியாப்பா பூஞ்யா?" என்பார், மலாயில். இது யாருடையது? எடுத்தது யார், இப்போது வைத்திருப்பது யார், கடைசியில் திருப்பிக் கொடுப்பது யார்? ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். "இந்த வேலையும் அந்த வேலையும் பாத்துக்கும்" என்று இழுத்தால் தாளைத் திருப்பி நம் பக்கமே தள்ளிவிடுவார். விளக்கமெல்லாம் கிடையாது. போய் எழுதிவிட்டு வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "போலே" என்பார். பரவாயில்லை, போகலாம் என்கிற அளவுக்குத்தான் அதற்கு அர்த்தம். அதற்குமேல் அவர் வாயிலிருந்து நான் எதுவும் வாங்கியதில்லை. புதுச் சில்லில் என் கெர்னல் முதன்முதலில் எழுந்து ஓடிய அன்றும் போலே. ஒரு வருடம் ஒரு ஆலையிலும் நிற்காமல் ஓடியது என்று சொன்னபோதும் போலே. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. யாருக்கும் அவர் அதற்குமேல் கொடுத்ததில்லை.

ஜமிலா எனக்குப் பல வருடம் பின்னால் சேர்ந்தாள். அவள் அப்பா ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவள். அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. நான் எழுதியதை உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. நன்றாகவே உடைத்தாள். "அண்ணே, இங்க விழுது" என்று வந்து நிற்பாள். நான் சரி செய்வேன். அப்படியே வருடங்கள் போயின. எனக்கு அவள்மேல் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மனிதர்கள் தங்களுக்குக் கீழே இருக்கிறவர்கள்மேல் பொறாமைப்படுவதில்லையே.

பிறகு அவள் ரஸ்ட் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, கோர்ஸுக்கு அனுப்பவில்லை. எங்கள் கெர்னலின் பகுதிகளை ஒவ்வொன்றாக அந்த மொழியில் எழுதிப் பார்க்கலாமா என்று லியோங்கிடம் கேட்டாள். புதுப் பெட்டிக்கு வாங்கியிருந்த சில்லுக்கு அது ஒத்துவரும். லியோங் தோளைக் குலுக்கிவிட்டு, எழுதிப் பார் என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற கெர்னலை எதற்கு இன்னொரு மொழியில் எழுத வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் பாகான் டத்தோ பக்கத்து ஆலையில் அது நடந்தது.

செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் வேகவைப்பார்கள். அதற்கென்று பெரிய இரும்புக் கலன் இருக்கும். ஒரு லாரியையே உள்ளே தள்ளலாம் போல நீளம். வெந்து முடிந்து, நீராவி முழுக்க வெளியேறிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு திறந்தால் எதிரே நிற்கிற ஆள் உயிரோடு இருக்கமாட்டான். அழுத்தம் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. அந்த விளக்கை ஏற்றுவதும் கதவைப் பூட்டி வைப்பதும் எங்கள் பெட்டி. அதற்குள்ளே என் கெர்னல்.

ஒரு நாள் காலையில் விளக்கு பச்சையானது. கதவுக்குப் பொறுப்பான செல்வம், விதிப்படி, உள்ளே நீராவி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க முதலில் பக்கத்துச் சிறு வால்வைத் திருகினார். நீராவி சீறிக்கொண்டு வந்தது. அவர் முன்கை வெந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு மறுபடி சிவப்பாக இருந்தது.

காரணம் கண்டுபிடிக்கும்வரை உங்கள் பெட்டி எங்களுக்கு வேண்டாம் என்று ஆலை சொல்லிவிட்டது. மற்ற ஆலைகளும் கேட்க ஆரம்பித்தன. கம்பெனி நிற்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

நான் போனேன். தெலுக் இந்தானில் ஒரு சின்ன ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் ஆலைக்குப் போய், பெட்டியைத் திறந்து, கம்பிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொதிகலன் பக்கம், காது அடைக்கிற இரைச்சல். வெந்த குலையின் வாடை சட்டையில் ஏறிக்கொண்டது, துவைத்தும் போகவில்லை. கலன் நிரம்பும், வேகும், வடியும். விளக்கு ஒவ்வொரு தடவையும் சரியாகவே எரிந்தது. செல்வம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லலண்ணே" என்றார் ஒரு நாள்.

"யாரு சொன்னா நீங்க பொய் சொன்னீங்கன்னு?"

"யாரும் சொல்லல. ஆனா ரொம்ப நாளா ஒண்ணும் வரலையே. மேனேஜரு ஒரு மாதிரியா பாக்குறாரு."

வாரங்கள் போயின. நான் ஒவ்வொரு பகுதியாகச் சந்தேகப்பட்டேன். அழுத்தமானி, கம்பி, மின்சாரம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடைசியில் நினைவகத்துக்கு வந்தேன். வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கப்படுகிற ஒவ்வொரு நினைவகத் துண்டிலும் ஒரு அடையாள எண்ணை நிரப்பும்படி கெர்னலை மாற்றினேன். திருப்பிக் கொடுத்த பிறகும் எவனாவது அந்தத் துண்டைத் தொட்டால், அந்த எண் அவன் கையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல பொறி. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். ஒரு காலையில் அதைப் பெட்டியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஜமிலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் கணினித் திரை. நாம் எழுதுகிற நிரலைச் சில்லுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருகிற கம்பைலர், சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லியிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அண்ணே, டிஸ்ப்ளே பகுதிய ரஸ்டுக்கு மாத்திக்கிட்டு இருந்தேன். கம்பைலர் விட மாட்டேங்குது. இது நீங்க தேடுற பக் தானா?"

நடந்தது இதுதான். அழுத்தத்தை அளக்கிற வேலை, அளவை ஒரு நினைவகத் துண்டில் எழுதி, கதவைக் காக்கிற வேலையிடம் கொடுக்கும். அது படித்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுக்கும். இது என் ஏற்பாடு. பிறகு ஆலைக்காரர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்தே அழுத்தத்தைப் பார்க்க ஒரு திரை வேண்டும் என்றார்கள். அதை எழுத வெளியிலிருந்து ஒரு ஆளை அமர்த்தினார்கள். அவர் அதே துண்டின் முகவரியைத் திரைக்கும் கொடுத்துவிட்டார். திரையும் படித்துவிட்டு, பொறுப்பாக, திருப்பிக் கொடுத்தது. ஒரே துண்டு இரண்டு தடவை திரும்பி வந்தது. கெர்னல் அதை இரண்டு துண்டென்று நம்பி, பிறகு இரண்டு வேலைகளுக்குக் கொடுத்தது. ஒருவன் அழுத்தத்தை எழுதினான், இன்னொருவன் அதன்மேலேயே வேறெதையோ எழுதினான். அன்று அவன் எழுதியது பூச்சியம். கதவைக் காக்கிற வேலை பூச்சியத்தைப் படித்தது. பச்சை விளக்கு.

லியோங் அந்த நிரலைப் படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே பென்சில் நின்றிருக்கும். அப்போது அவர் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். நான் புதுச் சில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரும் நின்று படிக்கவில்லை. சி மொழியும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் கணக்கில் எந்த விதியும் மீறப்படவில்லை.

ரஸ்டில் அப்படி இல்லை. ஒன்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், அது அதற்குப் பிறகு நம்முடையது இல்லை. கொடுத்ததை மறுபடி தொட்டால் கம்பைலர் நிரலையே உருவாக்கித் தராது. இந்த வரியில் கொடுத்துவிட்டாய், அந்த வரியில் மறுபடி தொடுகிறாய் என்று இரண்டு வரியையும் காட்டும். ஜமிலா அனுப்பிய படத்தில் அந்த இரண்டு வரிகளும் இருந்தன.

அவள் தேடவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வாரக்கணக்கில் கொதிகலன் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தேன். அவள் ஈப்போவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு நிரலைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அது தானாக அவள் மடியில் வந்து விழுந்தது.

அன்று மதியமே என் பொறியிலும் அது சிக்கியது. அடையாள எண் பளிச்சென்று நின்றது. அரை நாள். வெறும் அரை நாள் பிந்திவிட்டேன். செல்வத்திடம் போய், "கெடைச்சிருச்சு. உங்க மேல தப்பே இல்ல" என்றேன். அவர் கட்டுப் போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல ஒரு பொம்பள" என்றேன். பெயரைச் சொல்ல மனம் வரவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பினேன். லியோங் ஊன்றுகோலோடு வந்திருந்தார். ஜமிலா அந்தப் படத்தை அச்சடித்து அவர் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். பென்சிலை எடுக்கவே இல்லை. அந்தச் சிவப்பு எழுத்தைத் தட்டிக் காட்டி, "இதுவும் சியாப்பா பூஞ்யான்னு தானே கேக்குது?" என்றார். எங்களோடு இத்தனை வருடம் இருந்து கொஞ்சம் தமிழும் பழகியிருந்தார். ஜமிலா தலையாட்டினாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "பாகுஸ்" என்றார்.

பாகுஸ். அருமை என்று அர்த்தம். எனக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு, என் கண் முன்னால்.

வீட்டுக்கு வந்து ரீத்தாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆலைக்காரரு கை ஆறிருச்சாமா?"

"ஆறிட்டு வருது. நான் அத சொல்லல. லியோங் அவள பாகுஸ்னு சொல்றாரு. இவ்வளவு வருஷத்துல எனக்கு ஒரு தடவ சொல்லிருக்காரா?"

"நல்லாத்தானே கண்டுபிடிச்சிருக்கு அந்தப் புள்ள."

"அவ கண்டுபிடிக்கல, கம்பைலர் கண்டுபிடிச்சிச்சு."

"அப்ப கம்பைலர் மேல பொறாமைப்படுங்க" என்றாள்.

அவள் கேலியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தது. எனக்கு ஜமிலாமேல் இருந்ததைவிட அந்த மொழிமேல்தான் அதிகம் எரிந்தது. ஒவ்வொரு முகவரியையும் யாருடையது யாருடையது என்று மனத்துக்குள் கேட்டுக் கேட்டுத்தான் என் தலைமுடி நரைத்தது. அதை எனக்கு ஒரு மனிதர் பென்சிலால் தட்டித் தட்டி ஏற்றினார். இப்போது அதே கேள்வியை ஒரு கருவி, யார் உட்கார்ந்தாலும், சம்பளமில்லாமல் கேட்கிறது. நான் இளைஞனாக இருந்தபோது இது ஏன் எனக்குக் கிடைக்கவில்லை?

கெர்னல் முழுவதையும் ரஸ்டில் எழுதலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எதிர்த்துப் பேசினேன். சொன்னதெல்லாம் பொய்யில்லை. பழைய பெட்டிகளின் சில்லுக்கு அந்தக் கம்பைலர் கிடையாது. அதோடு, சில்லை நேரடியாகத் தொடுகிற இடங்களில் ரஸ்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். அந்த இடங்களுக்கு அன்சேஃப் என்று ஒரு வேலி போட்டு, இதற்குள் நடப்பதற்கு நான் பொறுப்பு என்று எழுதுகிறவன்தான் கம்பைலருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். "அப்பறம் சி-க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"சி-ல மொத்த கெர்னலும் வேலிக்குள்ள இருக்குண்ணே" என்றாள் ஜமிலா. "இதுல எங்க பயப்படணும்னாவது தெரியும்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். லியோங் பேசுகிற மாதிரியே இருந்தது. பழைய பெட்டிகளில் சி அப்படியே இருக்கட்டும், புதுப் பெட்டிக்கு ஜமிலா எழுதட்டும், வேலிக்குள் இருக்கிறதைச் சேவியர் படித்துப் பார்க்கட்டும் என்றார் லியோங். அந்த வருடமே அவர் ஓய்வு பெற்றார்.

அவள் எழுத எழுத நான் படித்தேன். குறை தேடித்தான் படித்தேன். சின்னச் சின்னதாகக் கிடைத்தன, அவள் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டாள். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசைக்கு நடுவே முழந்தாளில் நிற்கும்போது, அவளுடைய கெர்னல் எங்காவது விழ வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். பாதியில் நிறுத்தினேன். ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

புதுப் பெட்டி முதலில் போனது அதே பாகான் டத்தோ ஆலைக்குத்தான். மாதங்கள் ஓடின. ஒரு குறையும் வரவில்லை. "எப்படி ஓடுது?" என்று நான் அக்கறையாக விசாரிப்பேன். "நல்லா ஓடுதுண்ணே" என்பாள். எனக்கு அந்த நாள் முழுக்கச் சாப்பாடு ருசிக்காது.

பிறகு ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். ஆலையிலிருந்து பேசினாள். பெட்டி தானாக நின்று நின்று மறுபடி எழுகிறது. கதவு பூட்டியே இருக்கிறது, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் கலன் நின்றுவிட்டது, குலை ஏற்றிய லாரிகள் வாசல்வரை நிற்கின்றன.

"அண்ணே, கொஞ்சம் வர முடியுமா? எனக்கு ஒண்ணும் புரியல."

"இப்பவே வாரேன்" என்றேன்.

அந்தப் பயணத்தை மறக்கமாட்டேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தெலுக் இந்தான் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனையும் தென்னையுமாக நீள்கிற அந்தத் தாழ்வான நிலத்தில், கார் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு போனேன். பாடிக்கொண்டே போகிறேன் என்பது கொஞ்ச தூரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. போனவுடன் என்ன கேட்க வேண்டும், எப்படி மெதுவாக, கண்டிக்காத மாதிரி, கேட்க வேண்டும் என்றெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

ஆலைக்குள் நுழைந்தபோது லாரிகள் நகர்ந்துகொண்டிருந்தன. கலன் இரைந்தது. ஜமிலா கட்டுப்பாட்டு அறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு கலைந்து, முகம் வேர்த்து, மடியில் கணினி.

"சரியாயிருச்சுண்ணே" என்றாள். "உங்களுக்கு போன் அடிச்சேன், எடுக்கல. ஓட்டிக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு அழுகை வராத குறை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன பிரச்சன?"

அழுத்தத்தை அளக்கிற சில்லு, அளவை யாரையும் கேட்காமல் தானே நினைவகத்தில் எழுதும். எங்கே எழுதவேண்டும் என்பதை மட்டும் கெர்னல் சொல்லிவிடும். சில்லு குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால், கெர்னல் காத்திருப்பதை விட்டுவிட்டு அந்தத் துண்டை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். ஆனால் சில்லுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். ரஸ்ட் கம்பைலருக்கும் தெரியாது. நிரலுக்குள் யார் எழுதுகிறார்கள் என்று அது பார்க்கும், நிரலுக்கு வெளியே இருந்து எழுதுகிறவனைப் பார்க்காது. அதுவரை சில்லு ஒருநாளும் பிந்தியதில்லை. அன்று அழுத்தமானியின் இணைப்பு தளர்ந்து, சில்லு பிந்தி, வேறு வேலையின் துண்டில் எழுதி, பெட்டியை விழவைத்துக்கொண்டிருந்தது.

"எப்படி கண்டுபிடிச்ச?"

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் என் பழைய சி நிரல். நேரம் தாண்டிய இடத்தில் இரண்டு வரிகள்: சில்லை நிறுத்து; நின்றுவிட்டேன் என்று அது சொல்லும்வரை காத்திரு. நான் எழுதியவை. எப்போது எழுதினேன் என்பதுகூட நினைவில்லை.

"மாத்தி எழுதுறப்ப இந்த ரெண்டு வரிய தேவையில்லன்னு விட்டுட்டேன்" என்றாள். "ரஸ்ட் பாத்துக்கும்னு நெனச்சேன்."

அதைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான். அவள் எழுதியதில்தான் குறை தேடினேன். எழுதாமல் விட்டதில் தேடத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"எனக்கு எவ்ளோ கடுப்பு தெரியுமாண்ணே?" என்றாள். "இது மொத தடவ இல்ல. உங்க கோட்ல ஒரு வரி எதுக்கு இருக்குன்னு தெரியாம தூக்கிப் போடுவேன். அப்பறம் அது வந்து என்னைய அடிக்கும். நீங்க ரூம்ல இல்லாட்டியும் உங்ககிட்டதான் நான் தோத்துக்கிட்டு இருக்கேன்."

"நீயா? என்கிட்டயா?"

"நான் சேந்த காலத்துலேயே கெர்னல் வேலைதான் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா? லியோங்கிட்ட எத்தன தடவ கேட்டேன். 'சேவியர் இருக்கான்'னு ஒரே பதிலு. நீங்க எழுதுவீங்க, நான் டெஸ்ட் பண்ணுவேன். ஒவ்வொரு நாளும் அத படிச்சு படிச்சு, இது ஏன் நான் எழுதலன்னு வயிறு எரியும். ரஸ்ட் எதுக்கு கத்துக்கிட்டேன்னு நெனச்சீங்க? நீங்க இல்லாத எடம் ஒண்ணு வேணும்னுதான்."

எனக்கு அது தெரியாது. லியோங் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் பேசி முடித்தபோது எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், இனித்தது. இத்தனை வருடம் ஒருத்தி என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள் என்பது எந்தப் பாகுஸையும்விட இனித்தது.

"ஒன் படத்த பாத்த அன்னிக்கு நான் தெலுக் இந்தான் ரூம்ல சாப்பிடவே இல்ல" என்றேன்.

"எந்தப் படம்?"

"கம்பைலர் படம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத பாத்து சந்தோசப்படுவீங்கன்னுலா அனுப்பினேன்!" என்றவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். செல்வம் அந்தப் பக்கமாக வந்தார், எங்களைப் பார்த்து நின்றார். "மெஷின் கெட்டுப்போனா ஈப்போக்காரங்க சிரிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து வேலிக்குள் இருக்கிறதை ஒவ்வொரு வரியாக, என் சி நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். அவள் எதையாவது விட்டிருந்தால் ஏன் விட்டாள் என்று சொல்ல வேண்டும். நான் எதையாவது எழுதியிருந்தால் ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் எனக்கே காரணம் நினைவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சில்லின் கையேட்டைப் புரட்டித் தேடினோம். என் வேலைக்காலத்தில் அதைவிட நல்ல மாதங்கள் எனக்கு வாய்க்கவில்லை. அதனால் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் போன பிறகும் அவளுக்கு இன்னும் பல வருட வேலை இருக்கிறது என்பது ஒவ்வொரு நாளும் என் நினைவில் இருந்தது.

ஆகவே, குழுவில் கேட்ட அந்தப் புதியவருக்கு என் பதில்: இனிமேல் புதிதாகக் கெர்னல் எழுதுவதானால் ரஸ்டில் எழுதுங்கள். சொல்லக் கசக்கிறது, ஆனாலும் எழுதுங்கள். அன்றைக்கு அது இருந்திருந்தால் செல்வத்தின் கை வெந்திருக்காது. ஆனால் பழைய சி நிரலை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ளாமல் தூக்கி எறியாதீர்கள். அதில் சில வரிகள் சில்லோடு பேசி வாங்கியவை. சில்லுக்கு நீங்கள் எந்த மொழியில் எழுதினீர்கள் என்று தெரியாது.

கடைசியாக ஒன்று. பழைய பெட்டிகளெல்லாம் மாற்றி முடிந்த சமயம்தான் என் வேலையும் முடிந்தது. கடைசி நாள் மதியம் ஜமிலா என் மேசைக்கு வந்தாள். சி கெர்னலின் கோப்புகளெல்லாம் இருந்த அடைவை நடப்பு நிரலிலிருந்து நீக்க வேண்டும் என்றாள். பழைய பிரதி எங்கோ காப்பகத்தில் இருக்கும், யாரும் திறக்கப்போவதில்லை.

"நீயே எடுத்திரு" என்றேன்.

"இல்லண்ணே. அது உங்க கையாலதான் போவணும்."

நான் கட்டளையைத் தட்டினேன். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போயின. வரிசை மாற்றுவது, நினைவகம் பங்குவைப்பது, தூங்குகிற வேலையை எழுப்புவது. எல்லாம் நான் பெயர் வைத்தவை. இந்த இடத்தில் எனக்கு அழுகை வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, கைக்குட்டையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். கண் காய்ந்தே இருந்தது. பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. திரும்பினேன். ஜமிலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அழுவதிலும் அவளே முந்திக்கொண்டாள்.